மூடி போட்ட படம்

கேமராவைச் சோதிக்க எனக்கு ஒரு கறுப்புக் குடை போதும். பெட்டியின் மேல் அச்சடித்திருக்கும் எண்களை நான் சட்டை செய்வதே இல்லை. எத்தனை மெகாபிக்சல் என்று கேட்டுக்கொண்டு வருகிறவரைக் கடைக்குப் பின்னால் இருக்கும் சாமான் அறைக்குக் கூட்டிக்கொண்டு போவேன். கதவைச் சாத்தி, மூலையில் இருக்கும் சின்ன பல்பை மட்டும் போட்டு, என் மனைவியின் குடையை விரித்து ஸ்டூலின் மேல் வைத்துப் படம் எடுத்துக் காட்டுவேன். வெளிச்சத்தில் எல்லாக் கேமராவும் நல்ல பிள்ளைதான். வெளிச்சம் குறையும்போதுதான் வண்டவாளம் தெரியும். பழைய கேமராவாக இருந்தால், வெறும் கறுப்பாக இருக்க வேண்டிய துணி முழுக்கச் சிவப்பும் பச்சையும் நீலமுமாகப் புள்ளிகள் வந்து நிற்கும். இல்லாததை இருப்பதாகக் காட்டும் இந்தப் புள்ளிகளைத் தொழிலில் நாய்ஸ் என்போம். என் மனைவி மிளகுத்தூள் என்பாள்.

குடை அவளுடையது என்பதால் அவளுக்கு இதில் தீராத வருத்தம். கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் அவளை எடுத்த படங்களைவிட அவள் குடையை எடுத்த படங்கள்தான் அதிகம் என்பாள். மழை பிடித்துக்கொண்டால் நேரே சாமான் அறைக்குள் போய், உங்க மாடல் அழகிக்கு இன்னைக்கு லீவு என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். அன்றைக்கு வியாபாரம் அம்போ.

குடைக்கு அடுத்தபடி இன்னொரு சோதனை உண்டு. லென்ஸின் மூடியைக் கழற்றாமலே, ஷட்டரை அரை நிமிடம் திறந்து வைத்து ஒரு படம் எடுப்பது. உள்ளே துளி வெளிச்சம் போக வழியில்லை. படம் கன்னங்கரேலென்று வர வேண்டும். வராது. அதிலும் புள்ளிகள் இருக்கும். பெரும்பாலானவை படத்துக்குப் படம் இடம் மாறிவிடும், அவற்றை நம்பி ஒன்றும் சொல்ல முடியாது. ஆனால் நாலைந்து மட்டும் எத்தனை தடவை எடுத்தாலும் அதே இடத்தில், அதே நிறத்தில் வந்து உட்காரும். அவை அந்தக் கேமராவின் மச்சங்கள். வயதாக ஆகப் புதிதாக ஒன்றிரண்டு முளைக்கும். முளைத்தது அநேகமாக மறையாது. ஒரே மாடல், ஒரே பெட்டியில் வந்தவை என்றாலும் ஒன்றின் மச்சம் இன்னொன்றில் இருக்காது. கூடப்பிறந்தவர்களுக்கே மச்சம் ஒரே இடத்தில் இருப்பதில்லையே.

இவ்வளவு தெரிந்த நான்தான் ஏழு வருடம் முட்டாளாக இருந்தேன். அதைச் சொல்லத்தான் இந்தப் பீடிகை.

கடையில் என் நாற்காலிக்கு நேரே மேலே அப்பாவின் படம் ஒன்று மாட்டியிருந்தது. அவர் போவதற்கு இரண்டு நாள் முன்னால், விடிந்தும் விடியாத நேரத்தில் எடுத்தது. கடைசி மாதம் அவருக்கு வெளிச்சமே ஆகவில்லை, கண் கூசும். திரைச்சீலையை எந்நேரமும் இழுத்து மூடியே வைத்திருந்தோம். ஃபிளாஷ் என்ற பேச்சுக்கே இடமில்லை. அந்த அரையிருட்டில் தலையணையில் சாய்ந்துகொண்டு அப்பா சிரிக்கிறார். உதடு அசையாமல், கண்ணால் மட்டும்.

அப்பா அச்சகத்தில் பிழை திருத்துகிறவராக இருந்தார். நாற்பது வருடம் பிழையையே தேடிப் பழகிய கண்ணுக்கு நானும் என் தங்கையும்கூடத் திருத்த வேண்டிய பக்கங்களாகத்தான் தெரிந்தோம். நான் கடை திறந்த அன்று வந்து பெயர்ப்பலகையை அண்ணாந்து பார்த்தார். ஒற்று விட்டுப்போயிருக்கு என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அடித்தது கிடையாது, திட்டியது கிடையாது. முகம் மலர்ந்து பார்த்ததும் கிடையாது. அப்படிப்பட்டவர் அந்த ஒரு படத்தில் அப்படிச் சிரித்திருந்தார், எடுத்தவன் நான். அப்படித்தான் ஏழு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். கடைக்கு வருகிறவர்கள் கேட்காவிட்டாலும் சொல்வேன். ஸ்டாண்டு கிடையாது, ஷட்டர் திறந்திருந்தது அரை விநாடி, மூச்சைப் பிடித்துக்கொண்டு கையிலேயே எடுத்தது, துளி ஆட்டம் இருக்கிறதா பாருங்கள் என்பேன். அப்பாவின் பார்வை சற்று விலகியிருக்கிறதே என்று யாராவது சொன்னால், கண் கூச்சம் என்று பதில் வைத்திருந்தேன். படத்தின் கீழே இடது மூலைக்குப் பக்கத்தில், இருட்டுக்குள் ஒரு சிவப்புப் பொட்டு தெரியும். அது அப்பாவின் ரேடியோவில் எரிகிற விளக்கு, கடைசி வரைக்கும் செய்தி கேட்டார் என்பேன்.

அந்த ரேடியோ அப்போது ரிப்பேருக்குப் போயிருந்தது என்று என் மனைவி ஒரு தடவை சொன்னாள். அப்புறம் ஒரு வாரம் நான் அவளோடு பேசவில்லை. எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும்; இறங்கி வரத்தான் நேரம் பிடிக்கும்.

தங்கையோடு அப்படி ஒரு வாரத்தில் முடியவில்லை. அவளுக்குக் குழந்தை பிறந்தபோது, கடைக்கு வந்த பெட்டியிலிருந்து ஒரே மாடலில் இரண்டு கேமரா எடுத்து, ஒன்றை அவளுக்குக் கொடுத்து ஒன்றை நான் வைத்துக்கொண்டேன். அப்பா படுத்திருந்தபோது இருவரும் மாறி மாறிப் படம் எடுத்தோம். அவர் போன பிறகு இரண்டு கேமராவிலும் இருந்ததைக் கடைக் கம்ப்யூட்டரில் ஒரே இடத்தில் கொட்டி, கார்டுகளைத் துடைத்துவிட்டேன். அந்தக் காலத்துச் சின்னக் கேமராக்கள் படத்துக்குள் தம் எண்ணை எழுதி வைப்பதில்லை. படத்தின் பெயரும் இரண்டிலும் ஒரே மாதிரிதான் விழும். எது யாருடையது என்று தெரியாத நானூறு படங்களுக்கு நடுவில் இந்தப் படம் கிடைத்ததும், இது என்னுடையது என்று நிச்சயமாகத் தோன்றிவிட்டது. அன்று விடியற்காலையில் நான்தானே கட்டிலின் பக்கத்தில் கேமராவோடு உட்கார்ந்திருந்தேன்.

பெரிதாகப் போட்டு, சட்டம் அடித்து, உறவுக்காரர்கள் எல்லாரும் வீட்டில் கூடியிருந்த ஒரு நாள் முதலில் ஹாலில்தான் மாட்டினேன், கடைக்குக் கொண்டுபோனது அப்புறம். பார்த்தவர்கள் அழுதார்கள். என் தங்கை கிட்டே வந்து நின்று பார்த்துவிட்டு மெதுவாக, அண்ணே, இது நான் எடுத்தது என்றாள். எனக்குச் சுருக்கென்றது. அத்தனை பேர் காதில் விழும்படி சொன்னேன்: "நீ அடுப்படியில வெந்நீர் போட்டுட்டிருந்த. அங்கேருந்தா எடுத்த? அப்பா விஷயத்துலகூடப் பொய் சொல்லணுமா உனக்கு?"

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். போதும், நிறுத்து என்று கையைக் காட்டினேன். சரிண்ணே என்றாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலில் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு போனவள்தான். அதற்குப் பிறகு என் வீட்டுப் படியையோ கடைப் படியையோ அவள் மிதிக்கவில்லை. என் மனைவியும் அவளும் போனில் பேசிக்கொள்வார்கள், நான் கேட்காத மாதிரி கேட்டுக்கொண்டிருப்பேன். இரண்டு பஸ் நிறுத்தம் தள்ளித்தான் அவள் வீடு. பொய் சொன்னவள் அவள், அவளே வரட்டும் என்று இருந்தேன்.

போன செவ்வாய்க்கிழமை வந்தது அவளுடைய கணவர். லிஃப்ட் மெக்கானிக். எந்தச் சண்டையும் மேலே ஒட்டாத மனிதர். இந்த ஏழு வருடத்தில் அவர் மட்டும் அவ்வப்போது கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டுப் போவார். அன்று உட்காரவில்லை. வேறு ஊருக்கு மாற்றல் ஆகிவிட்டது, வெள்ளிக்கிழமை காலையில் லாரி வருகிறது, மகளுக்குப் பள்ளிக்கூடம்கூடப் பார்த்தாயிற்று என்றார். எவ்வளவு தூரம் என்று கேட்டேன். ரயிலில் ஒரு பகலும் ஒரு ராத்திரியும் என்றார். பிறகு பையிலிருந்து ஒரு அட்டைப்பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"அலமாரியை ஒழிக்கும்போது கெடச்சுது மச்சான். உங்க கடையிலேருந்து வந்ததுதானே, உங்ககிட்டயே குடுத்துடச் சொன்னா."

திறந்து பார்க்காமலே அது என்னவென்று தெரிந்துவிட்டது. அண்ணன் கொடுத்ததைத் திருப்பி அனுப்பும் அளவுக்கு வந்துவிட்டாளா என்று எனக்குள் பொங்கியது. மாப்பிள்ளையிடம் காட்ட முடியாது, சிரித்து அனுப்பினேன். அவர் தலை மறைந்ததும் பெட்டியை மேசைக்குக் கீழே காலால் தள்ளிவிட்டேன்.

வியாழக்கிழமை மத்தியானம் லைட்டுக்காரர் வந்தார். நாடக அரங்கில் விளக்கு போடுகிறவர், பெயரைச் சொல்லி அவரை யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அவரிடம் அந்தப் பழைய மாடல்தான் இருந்தது. மேடைக்கு மேலே கம்பியில் உட்கார்ந்து எடுக்கும்போது கைதவறிக் கீழே விழுந்து, கேமரா கடவுளிடம் போய்ச் சேர்ந்துவிட்டதாம். நல்லவேளை, அடியில் கதாநாயகன் நிற்கவில்லை என்றார். அவர் கேள்வி ஒன்றுதான்: இருட்டில் எடுப்பதற்குப் புதுசு நிஜமாகவே மேலா, இல்லை கடைக்காரர்கள் காதில் பூ சுற்றுகிறீர்களா? அதே பழைய மாடல் ஒன்று கையில் வந்தால் போதும் என்று அவருக்கு ஒரு நினைப்பு.

அந்த மாடல் என் கண்ணாடி அலமாரியில் ஒன்று இருந்தது, என்னுடையது. அப்பாவை எடுத்த கேமரா என்பதால் விற்பனைக்கு இல்லை என்று அட்டை எழுதி, ஏழு வருடமாகத் தொடாமல் வைத்திருந்தேன். அதைச் சோதனைக்கு எடுக்க மனம் வரவில்லை. மேசைக்குக் கீழே கிடந்த பெட்டி ஞாபகம் வந்தது. இரண்டும் ஒரே மாடல்தானே, குடைக்கு என்ன தெரியப்போகிறது.

பேட்டரி ஏறும்வரை லைட்டுக்காரர் கடையைச் சுற்றிப் பார்த்தார், அப்பாவின் படத்துக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். நான் வழக்கம்போல முழுக் கதையையும் எடுத்துவிட்டேன்: அரை விநாடி, கையில் பிடித்தது, ரேடியோ விளக்கு எல்லாம். இருட்டை இப்படி விட்டு வைக்க மனசு வேண்டும் சார் என்று அவர் சொன்னபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.

சாமான் அறையில் முதலில் புதுசில் எடுத்தேன். குடைத்துணி துடைத்துவிட்ட மாதிரி சுத்தமாக வந்தது. ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாகத் தெரிந்தது, பிடியில் என் மனைவி கட்டியிருந்த நூல்கூடத் தெரிந்தது. அடுத்து அதே தூரம், அதே பல்பு, பழையது. மிளகுத்தூள் டப்பாவே கவிழ்ந்துவிட்டது. குடை எங்கே முடிகிறது, சுவர் எங்கே ஆரம்பிக்கிறது என்று தேட வேண்டியிருந்தது. லைட்டுக்காரர் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "புதுசு நல்லாத்தான் இருக்கு. ஆனா இருட்டையே காணோமே சார். நான் கஷ்டப்பட்டு இருட்டா வெச்ச இடத்தையெல்லாம் இது பட்டப்பகல் ஆக்கிடும் போலிருக்கே" என்றார். வெளிச்சத்தைக் குறைத்து எடுத்தால் இருட்டு இருட்டாகவே நிற்கும், புள்ளிதான் வராது என்று அதையும் எடுத்துக் காட்டினேன். மனிதர் கரைந்துவிட்டார்.

அத்தோடு விட்டிருக்கலாம். தொழில் திமிர், மூடி போட்ட படத்தையும் காட்டிவிடலாம் என்று தோன்றியது. இரண்டு கேமராவையும் மூடியோடு வைத்து, ஒவ்வொன்றிலும் அரை நிமிடம். புதுசின் படம் நல்ல கறுப்பு. பழையதின் படத்தைக் கம்ப்யூட்டர் திரையில் முழுசாக விரித்தேன். இறைந்து கிடந்த மங்கல் புள்ளிகளுக்கு நடுவில் நாலைந்து பளிச்சென்று நின்றன. இவைதான் மச்சம் என்று நான் விளக்க ஆரம்பிக்கும்போது லைட்டுக்காரர் விரலை நீட்டினார்.

"சார், உங்கப்பா ரேடியோ இங்கயும் எரியுதே."

எந்த ரேடியோ என்றேன். அவர் கீழே இடது மூலைக்குப் பக்கத்தில் இருந்த சிவப்பைக் காட்டினார். நாற்பது விளக்கில் எது எங்கே தொங்குகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வதுதான் தன் பிழைப்பு என்றும், வெளியே படத்தில் இருக்கும் அதே இடம் என்றும், அங்கே வலது பக்கம் சுவரில் ஒரு நீலமும் உண்டு, இதோ அதுவும் இருக்கிறது என்றும் சாதாரணமாகச் சொல்லிக்கொண்டே போனார். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

சுவரிலிருந்து படத்தை இறக்கினேன். ஓரம் வெட்டாமல் முழுசாகப் போட்ட பிரிண்ட் அது. கடைக்கு வரும் யார் படத்தில் புள்ளி இருந்தாலும் துடைத்துவிட்டுத்தான் பிரிண்ட் போடுவேன். அப்பா படத்தில் மட்டும் எதையும் தொடக் கூடாது என்று அப்படியே விட்டிருந்தேன். ஸ்கேலை வைத்து அளந்தேன். இடதிலிருந்து எவ்வளவு, கீழேயிருந்து எவ்வளவு என்று குறித்து, திரையிலும் கணக்குப் போட்டேன். சிவப்பு ஒரு நூல்கூடப் பிசகவில்லை. நீலமும் அப்படியே. வேண்டாத இடத்தில் என் புத்தி கூர்மையாக வேலை செய்தது: அப்பாவின் நரைமீசைக்குள் ஒளிந்திருந்த ஒரு பச்சையையும் கண்டுபிடித்தேன். அதுவும் இருந்தது.

லைட்டுக்காரரிடம் நாளைக்கு வாருங்கள் என்று சொன்னேன். அவர் போகும்போது கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனார்.

பிறகு கண்ணாடி அலமாரியைத் திறந்து என் கேமராவை எடுத்தேன். பேட்டரியை மாற்றிப் போட்டு, மூடியோடு அரை நிமிடம். அதிலும் மச்சங்கள் இருந்தன. வேறு இடத்தில். கீழே இடது மூலை சுத்தமான கறுப்பு. இன்னொரு தடவை எடுத்தேன். கேமரா சூடாகட்டும், சூட்டில் வரும் என்று கையில் பொத்தி வைத்திருந்துவிட்டு மூன்றாவது தடவை எடுத்தேன். தலைகீழாக நின்றாலும் அந்தச் சிவப்பு வரவில்லை. வரவும் வராது. முளைத்தது மறையாது என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவன் நான்தான்.

ஆக, படம் அவளுடையது. அவள் சொன்னது நிஜம். அத்தனை உறவுக்காரர்களுக்கு முன்னால் அவளைப் பொய்க்காரி ஆக்கியது நான்.

அதைவிட மோசமான ஒன்று அதற்குப் பின்னால் வந்து நின்றது. படம் அவளுடையது என்றால் அந்தச் சிரிப்பும் அவளுடையதுதானே. அப்பா ஒரே ஒரு தடவை சிரித்தார், அதுவும் என்னைப் பார்த்து அல்ல. ஐம்பத்திரண்டு வயது ஆள் ஒருவன் சாமான் அறையில் குடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இதற்காகத் துக்கப்பட்டான் என்றால் சிரிப்பு வரும். எனக்கு வரவில்லை.

செய்யக்கூடாததையும் செய்யப் பார்த்தேன், மறைப்பானேன். படத்தின் ஃபைலைத் திறந்து அந்தச் சிவப்பின் மேல் மவுஸின் அம்பைக் கொண்டுபோய் வைத்தேன். மூன்று புள்ளியையும் துடைத்துப் புதிதாகப் பிரிண்ட் போட்டு மாட்டினால் முடிந்தது கதை. பத்து விநாடி வேலை. நாளைக் காலையில் அவள் லாரி ஏறிவிடுவாள். அப்புறம் கேட்க யார் இருக்கிறார்கள்? பச்சையைத் துடைப்பதற்காக மீசையைப் பெரிதாக்கினேன். அப்பாவின் கண் திரை முழுக்க வந்து நின்றது. பிழையைத் தேடுகிற கண் அல்ல அது, அன்பாக இருந்தது. கை ஓடவில்லை. ஃபைலை மூடிவிட்டேன்.

சாப்பாடு கொண்டுவந்த என் மனைவி, தரையில் கிடந்த படத்தையும் இரண்டு கேமராக்களையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். விஷயத்தைச் சொன்னேன். ஸ்கேல், கணக்கு, மூன்று தடவை எடுத்தது எல்லாவற்றையும் சொன்னேன். அவள் குடையை மடக்கினாள்.

"அதையெல்லாம் என்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? அவ இன்னும் இங்கதான் இருக்கா. எழுந்திருங்க."

சாயங்காலம் ஆறு மணிக்குத் தங்கை வீட்டுக்குப் போனோம். கதவு திறந்தே இருந்தது. சாமான்கள் எல்லாம் பெட்டி பெட்டியாகச் சுவரோரம் அடுக்கியிருந்தன. மாப்பிள்ளை விளக்குகளைக்கூடக் கழற்றிவிட்டார் போலிருக்கிறது, ஹாலில் ஒரே ஒரு சின்ன பல்பு. தங்கை தரையில் உட்கார்ந்து பாத்திரங்களைப் பழைய பேப்பரில் சுற்றிக்கொண்டிருந்தாள். காதோரம் நரைத்திருந்தாள். நிமிர்ந்து பார்த்தவள், நேற்றுத்தான் வந்துவிட்டுப் போன ஆளைப் பார்க்கிற மாதிரி, வாண்ணே என்றாள். வாங்க அண்ணி, கீழ பாத்து வாங்க, கயிறு கிடக்குது என்றாள்.

வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வைத்திருந்த வார்த்தை ஒன்றும் வாயில் இல்லை. பக்கத்தில் இருந்த பெட்டியின் மேல் உட்கார்ந்தேன். பையிலிருந்து படத்தையும் அவளுடைய கேமராவையும் எடுத்து வைத்துவிட்டு, வாடிக்கையாளரிடம் பேசுவதைப் போல நாய்ஸைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். பழைய கேமரா, புதிய கேமரா, மூடி போட்ட படம், மச்சம். அவள் ஒரு டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு பொறுமையாகக் கேட்டாள். மாப்பிள்ளை கயிற்றை விட்டுவிட்டு வந்து நின்றார். என் மனைவி பின்னாலிருந்து என் தோளில் குடையால் ஒரு இடி இடித்தாள்.

"நீதான் எடுத்த," என்றேன். "அன்னைக்கு அத்தனை பேர் முன்னாடி உன்னைப் பொய்க்காரின்னு சொன்னேன். தப்பு என்னுது. அப்பா உன்னைப் பாத்துத்தான் சிரிச்சிருக்காரு. அதை நான் என்னோடதுன்னு வெச்சுக்கிட்டேன்."

தங்கை டம்ளரைக் கீழே வைத்தாள். படத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ஏழு வருடத்துக்குப் பிறகு அதைப் பார்க்கிறாள். அவள் கண் நிறைந்துவிட்டது, ஆனால் தலையை இல்லை என்று ஆட்டினாள்.

"என்னைப் பாக்கலைண்ணே. நல்லாப் பாரு, கண்ணு எங்க போகுதுன்னு."

சற்று விலகி, கொஞ்சம் கீழே. கண் கூச்சம் என்று நான் சொல்லிக்கொண்டிருந்த அந்தப் பார்வை.

"நான் வெந்நீர் எடுத்துட்டு வந்தேன்," என்றாள். "நீ அப்பா காலடியில நாற்காலியில உக்காந்தபடியே தூங்கிட்டிருந்த. வாயைப் பொளந்துக்கிட்டு, கேமரா மடியில. நாலு நாளாக் கண்ணை மூடலையே நீ. அப்பா உன்னையே பாத்துட்டிருந்தாரு. அவர் யாரையும் அப்படிப் பாத்து நான் பாத்ததில்லை. போர்வை அடுக்கு மேல என் கேமராவை வெச்சு மெதுவா அமுக்கினேன். அண்ணனை எழுப்பட்டுமான்னு கேட்டேன். வேணாம், பாவம், தூங்கட்டும்னாரு."

மாப்பிள்ளை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இதை ஏன் அன்னைக்கே சொல்லலை?" என்று கேட்டேன்.

"சொல்ல விட்டியாண்ணே நீ?"

விடவில்லை. இது நான் எடுத்தது என்பது அன்றைக்கு அவள் சொல்ல வந்ததின் தொடக்கம் மட்டுமே. மிச்சத்தைக் கேட்காமல் கையைக் காட்டி நிறுத்தியவன் நான். தூங்கட்டும் என்று அப்பா சொன்னது ஏழு வருடமாக இரண்டு பஸ் நிறுத்தம் தள்ளி, இந்த வீட்டில் எனக்காகக் காத்துக்கொண்டிருந்திருக்கிறது. இன்னும் ஒரு ராத்திரி போயிருந்தால் அதுவும் லாரியில் ஏறிப் போயிருக்கும்.

வெட்கத்தை விட்டு அழுதேன். தங்கை எழுந்து வந்தாள். கட்டிக்கொள்ளப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் என் முழங்கையைப் பிடித்து இழுத்தாள்.

"அழுறதை எழுந்து நின்னு அழுண்ணே. நீ உக்காந்திருக்கிற பெட்டியில கண்ணாடிச் சாமான் இருக்கு."